துஆ கேட்கும் வேலையை நான் ராஜினாமா செய்தது

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்பதை என் வீட்டாரிடம் எத்தனை முறைதான் சொல்வது? நேரில் சொல்லியாயிற்று, போனில் சொல்லியாயிற்று. போன பெருநாளுக்கு ஆம்பூருக்குப் போனபோது பிரியாணித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டே சொன்னேன். "சரிம்மா, கத்திரிக்கா இன்னும் கொஞ்சம் போட்டுக்க" என்றார் அம்மா. இப்படிச் சொன்னால் வீட்டில் அடிப்பார்கள், அழுவார்கள், வெளியே அனுப்பிவிடுவார்கள் என்றெல்லாம் இணையத்தில் எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு நான் பயந்ததெல்லாம் வீண். எங்கள் வீட்டில் கத்திரிக்காய்தான் போடுகிறார்கள். இந்த எரிச்சல் இன்று நேற்று வந்ததல்ல. முதல் முறை சொன்னபோது எனக்குப் பதினோரு வயது.

அப்போது நான் எங்கள் வீட்டின் துஆக்காரி. எங்கள் வீடு என்றால், கீழே அத்தா, அம்மா, அக்கா, நான். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். மாடியில் அத்தாவின் அண்ணனான பெரியத்தா. அவர் பள்ளிவாசல் ஜமாத்தில் கமிட்டி மெம்பர். எல்லாரிலும் சின்னவள் நான். கணக்கில் பாவம் எழுதப்படாத வயது. அதனால் நான் கையேந்திக் கேட்டால் அல்லாஹ் உடனே கொடுத்துவிடுவான் என்று அவர்களாகவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். எல்லாம் பெரியத்தாவின் மூக்குக் கண்ணாடியால் வந்த வினை. எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது அது தொலைந்துபோய் வீடே அல்லோலகல்லோலப்பட்டது. "நீ துஆ செய்யி பாப்பா" என்றார்கள். செய்தேன். கண்ணாடி பிரிட்ஜில் தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அன்றோடு என் நிம்மதி போயிற்று.

நோன்பு மாதம் வந்துவிட்டால் எனக்குத் தலைக்கு மேல் வேலை. சாயங்காலம் நோன்பு திறப்பதற்குச் சற்று முன்னால் கேட்கிற துஆவுக்கு மவுசு ஜாஸ்தி. அசர் தொழுகை முடிந்ததுமே ஒவ்வொருவராக வந்து காதில் ஓதுவார்கள். அத்தா ஷூ கம்பெனியில் தோலைத் தரம் பிரிக்கிறவர். அவருக்கு, வெளிநாட்டு ஆர்டர் குறையாமல் இருக்க வேண்டும். பெரியத்தாவுக்குச் சர்க்கரை குறைய வேண்டும். இதை அவர் வாயில் ஜிலேபியை வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அக்கா எல்லாரும் போன பிறகு கடைசியாக வருவாள். "வாணியம்பாடி நல்லபடியா முடியணும்னு கேளுடி" என்பாள். வாணியம்பாடியில் அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். பேச்சு முக்கால்வாசி முடிந்து, பெருநாள் கழிந்ததும் நிச்சயம் என்றிருந்தது. மாப்பிள்ளையின் போட்டோவை அக்கா தன் போனில் எங்கேயோ ஒளித்து வைத்திருந்தாள். அதைக் காட்டுவதுதான் எனக்கு அவள் கொடுக்கிற கூலி.

அந்த வருஷம் நோன்பு நல்ல வெயிலில் வந்தது. எங்கள் ஊர் வெயிலைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நோன்பு தொடங்கிய முதல் வாரத்தில் ஒருநாள் வழக்கம்போல் கண்ணை மூடிக் கையை ஏந்தி, ஆர்டர், சர்க்கரை, வாணியம்பாடி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் எனக்குத் தோன்றிவிட்டது, எதிரில் யாரும் இல்லை. லைன் கட்டாகிப் போனது தெரியாமல் போனில் பேசிக்கொண்டே இருப்போமே, அந்த மாதிரி. அவ்வளவுதான். யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. யாரும் சாகவில்லை, எந்த ஆசையும் பொய்த்துப் போகவில்லை. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் கண்ணை மூடிப் பார்த்தேன். யாரும் இல்லை. எனக்குப் பயத்தைவிடக் கூச்சம்தான் அதிகமாக இருந்தது. ஆளில்லாத இடத்தில் மனு கொடுத்துவிட்டு, வீட்டிலே அதற்கு மிட்டாயும் வாங்கித் தின்றுகொண்டிருந்தேன். சொல்லிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்.

முதலில் அம்மாவிடம் போனேன். சமோசாவுக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்.

"அம்மா, எனக்கு அல்லா மேல நம்பிக்கை போயிடுச்சு. இனிமே நான் துஆ செய்ய மாட்டேன்."

அம்மா என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். கையில் வெங்காயச் சாறு. என் கண்ணெல்லாம் எரிந்து தண்ணீர் கொட்டியது. "சூடு இல்லியே. அழாத. வெயில்ல ஆடாதன்னா கேக்குறியா? போய் எலுமிச்சம்பழத் தண்ணி குடி" என்றார். அழவில்லை, வெங்காயம் என்று சொன்னேன். அதையும் அவர் கேட்கவில்லை.

அத்தா கம்பெனியிலிருந்து வந்ததும் அவரிடம் சொன்னேன். தோலில் உண்ணி கடித்த தழும்பு ஒரு கடுகளவு இருந்தாலும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடித்து ஒதுக்கிவிடுகிறவர் அவர். மகள் எதிரே நின்று இத்தனை பெரிய விஷயத்தைச் சொல்கிறாள், "ஸ்கூல்ல யாராவது திட்டினாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "கணக்குல கம்மியா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப சரி" என்று குளிக்கப் போய்விட்டார். அப்ப சரி என்றால் என்ன சரி? அந்த இரண்டு வார்த்தைக்கு நான் இன்றுவரை அர்த்தம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பெரியத்தாவிடம் சொல்லும்போதுதான் கொஞ்சம் உதறலாக இருந்தது. கமிட்டிக்காரர், கோபம் வந்தால் தெரு முனைக்குக் கேட்கும். ஆனால் அவர் கோபப்படவில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார். "நோன்பு வெக்க பயந்துகினு இப்படி ஒரு பிளானா? இந்த வருசத்துல இருந்து முழு நோன்பு வெக்கணும்னு உங்கம்மா சொன்னாளே, அதானே? பசி வந்தா அல்லா இல்லியா? கில்லாடி!"

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அதுவரை நான் அரை நாள் நோன்புதான் வைப்பேன். பகல் லுஹர் பாங்கு சொன்னதும் அம்மா சாப்பாடு போட்டுவிடுவார். பசிக்காகச் சொல்கிறேன் என்றா நினைக்கிறார்கள்? மறுநாளிலிருந்து முழு நோன்பு. விடியுமுன் சாப்பிடுகிற சஹருக்கு அம்மா எழுப்பும் முன்பே எழுந்து உட்கார்ந்துகொண்டேன். அல்லாஹ்வுக்காக நோன்பு வைக்கிறேன் என்கிற நிய்யத் மட்டும் சொல்லவில்லை, வாயை இறுக்கிக்கொண்டேன். எச்சில் விழுங்காமல் துப்பிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தண்ணீர்க் குழாய் இருக்கும் பக்கம்கூடத் திரும்பாமல், நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ள வீடு வந்து சேர்ந்தேன். அல்லாஹ்வுக்காக நோன்பு வைக்கிற இத்தனை பேர் இருக்கிற ஊரில், அவன் இல்லை என்று நிரூபிப்பதற்காக நோன்பு வைத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன்.

விளைவு என்ன? அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் முழு நோன்பு வைக்கிற பிள்ளைக்குச் செய்கிற விசேஷம் ஒன்று உண்டு. புது கவுன் போட்டு, கழுத்தில் மல்லிகை மாலை போட்டு, நடுவில் உட்கார வைத்தார்கள். மாலையைக் கழற்றப் போனால் அக்கா கையைத் தட்டிவிட்டாள். போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். பேரணாம்பட்டிலிருந்து துபாய் வரைக்கும் இருக்கிற எங்கள் ஜனம் முழுவதும் மாஷா அல்லாஹ் என்று அனுப்பித் தள்ளிவிட்டது. அதோடு போனால் பரவாயில்லை. நோன்பு வைத்த பிள்ளை கேட்கிற துஆவுக்குத் தடையே கிடையாதாம். சொந்தமெல்லாம் போன் போட்டு, மூட்டுவலி, விசா, வாடகை வீடு, பிள்ளை வரம் என்று எனக்கு வேலை கொடுக்க ஆரம்பித்தார்கள். ராஜினாமா செய்யப் போனவளுக்குப் பதவி உயர்வு கொடுத்து உட்கார வைத்தால் என்னதான் செய்வது?

இந்த நிலைமையில்தான் மாப்பிள்ளையின் அம்மா வாணியம்பாடியிலிருந்து எங்கள் வீட்டுக்கு நோன்பு திறக்க வந்தார். கூடவே அவருடைய தம்பியும். ஆண்கள் ஹாலில், பெண்கள் உள் அறையில், நடுவில் ஒரு திரை. பள்ளிவாசல் கஞ்சி, சமோசா, வடை, ரோஸ் சர்பத், பேரீச்சம்பழம் எல்லாம் பரப்பி வைத்திருந்தது. அக்கா பச்சைப் பட்டில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். தலை குனிந்த அக்காவை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. மாப்பிள்ளையின் அம்மா நல்ல மாதிரி. என்னை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"இவதானா அந்த மாலை போட்ட பொண்ணு? பாங்கு சொல்ற நேரமாச்சு. எங்க, உங்க அக்காவுக்கும் என் மகனுக்கும் ஒரு துஆ செய்யி கண்ணு. எல்லாரும் ஆமீன் சொல்றோம்."

எல்லாரும் கையேந்தினார்கள். திரைக்கு அந்தப் பக்கமும் பேச்சு நின்றது. அக்கா ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். அவளுக்காகவாவது ஏதாவது முணுமுணுத்திருக்கலாம் என்று இப்போது சொல்வது சுலபம். ஆனால் இந்த அம்மாள் புதியவர், என்னை நல்லவிதமாக நடத்துகிறவர். இவரையும் ஏமாற்றுவதா என்று எனக்குத் தோன்றியது. மேலும், வீட்டில்தான் யாரும் கேட்கவில்லை, வெளியாளாவது கேட்கட்டுமே என்றும் தோன்றியது.

"நான் கேட்டா எதுவும் வராதுங்க" என்றேன். "எனக்கு அல்லா இருக்கிறதா நம்பிக்கை இல்ல. எங்க வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், ஒருத்தரும் கேக்க மாட்டேங்கிறாங்க."

சரியாக அந்த நேரம் பார்த்து மக்ரிப் பாங்கு சொன்னார்கள். பகலெல்லாம் காய்ந்தவர்கள், பாங்கு சொன்னால் உடனே திறந்தாக வேண்டும். அத்தனை வாயிலும் பேரீச்சம்பழம் போயிற்று. என் வாயிலும்தான். அதிலும் அவமானம், பழக்கதோஷத்தில் என் நாக்கு பிஸ்மில்லாஹ் என்று சத்தமாகச் சொல்லிவிட்டது. அம்மாதான் முதலில் விழுங்கிவிட்டுப் பேசினார்.

"பித்தம்ங்க. முதல் வருசம் முழு நோன்பு பாருங்க, மயக்கத்துல என்னென்னமோ பேசுது."

"பிள்ளைங்கதானே" என்று மாப்பிள்ளையின் அம்மா என் தலையைத் தடவினார். பிறகு எல்லாரும் வெயிலைப் பற்றியும் சமோசாவைப் பற்றியும் பேசினார்கள். வெளியாளும் அவ்வளவுதானா என்று எனக்கு வெறுத்துப் போய்விட்டது. அந்த வெறுப்பில் மூன்று சமோசா தின்றேன்.

மறுநாள் மத்தியானம் பெரியத்தாவுக்கு வாணியம்பாடியிலிருந்து போன் வந்தது. அவர் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்கும்படி பேசுகிறவர். அன்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். "சின்னப் பிள்ளைங்க அது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க வளர்ப்பைப் பத்திப் பேசாதீங்க, இன்னா?" என்றார். சமோசாவைப் பற்றித்தான் சொல்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். போனை வைத்துவிட்டு அவர் மாடிக்குப் போனார். அத்தாவும் அம்மாவும் பின்னாலேயே போனார்கள். இறங்கி வந்த அம்மா, மாப்பிள்ளை வெளிநாடு போகிறாராம், இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம் என்கிறார்களாம் என்றார். நான் நம்பினேன்.

உண்மை தெரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று. அதுவும் வெளியே ஒருத்தி போகிற போக்கில் சொல்லித்தான். கமிட்டிக்காரர் வீட்டிலேயே ஒரு பெண் பிள்ளை அல்லாஹ் இல்லை என்று வாய் கூசாமல் சொல்கிறது, பெரியவர்கள் கண்டிக்காமல் பித்தம் என்று மூடி மறைக்கிறார்கள், அந்த வீட்டில் பெண் எடுப்பதா என்று வாணியம்பாடியில் பேசியிருக்கிறார்கள். ஜமாத்துக்கும் அது எட்டி, பெரியத்தா அந்த வருஷமே கமிட்டியை விட்டிருக்கிறார். சர்க்கரை ஜாஸ்தியாகிவிட்டது, அலைய முடியவில்லை என்று எங்களிடம் சொன்னார். வீட்டில் ஒருவர்கூட என்னிடம் மூச்சு விடவில்லை.

அன்று மத்தியானம் எனக்கு இதில் எதுவும் தெரியாது. என் வழக்கை யாரிடமாவது சொல்லித் தீர்க்க வேண்டும் என்று அக்காவைத் தேடிப் போனேன். அவள் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு, பச்சைப் பட்டை மடித்துக்கொண்டிருந்தாள். முகம் கழுவியிருந்தாள். முகம் கழுவிக் கழுவி மூக்கு சிவந்திருந்தது. தொழுகைக்கு ஒளு செய்திருப்பாள் என்று நினைத்தேன்.

"ஏன்க்கா, இந்த வீட்ல நான் சொல்றது ஒருத்தர் காதுலயும் விழாதா?" என்றேன். "எத்தனை வாட்டி சொல்றது? நேத்து அவ்ளோ பேர் முன்னாடி சொன்னேன், பித்தம்ங்கிறாங்க. நான் மனசுல இருக்கிறதைச் சொன்னா கூட யாருக்கும் ஒரு மரியாதை இல்ல."

அக்கா மடிப்பை நீவிவிட்டாள். திருப்பிப் போட்டு இன்னொரு முறை நீவினாள்.

"விழுந்துச்சுடி" என்றாள். "எல்லார் காதுலயும் விழுந்துச்சு."

"அப்ப ஏன் யாரும் ஒண்ணுமே சொல்லல?"

புடவையை உள்ளே வைத்துப் பீரோவைச் சாத்தினாள். "இங்க வந்து உக்காரு, தலையெல்லாம் ஒரே சிக்கு" என்று என்னை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு சீப்பை எடுத்தாள். எப்போதும் கண்ணில் தண்ணீர் வர வர இழுக்கிறவள், அன்று ஒரு முடிகூட வலிக்காமல் நுனியிலிருந்து மெதுவாகச் சிக்கெடுத்தாள். காதில் விழுந்த பிறகும் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாத இந்த ஜனங்களோடு இன்னும் எத்தனை வருஷம் மல்லுக்கட்டுவது என்ற பேஜாரில், நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் உர்ரென்று உட்கார்ந்திருந்தேன்.