அப்பா போட்ட சவுரிச் சடை

டைபாய்டு வந்து பிழைத்த எனக்கு மொட்டை போட்டுவிட்டார்கள். ஐந்தாம் வகுப்பு ஆண்டுவிழா நெருங்கியபோது முடி பிடரிவரைதான் வளர்ந்திருந்தது. கோலாட்டத்தில் காலடி தப்பாதவள் நான் என்று டீச்சரே சொல்லியிருந்தார். ஆனால் சடையும் குஞ்சலமும் இல்லாதவர்களுக்குப் பின்வரிசைதான் என்றும் சொல்லிவிட்டார்.

அக்கா தன் சவுரியை எடுத்து வந்தாள். என் முடியைச் சுருட்டிப் பிடித்து, அடிமயிரோடு சேர்த்துக் கறுப்புக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். கண்கள் மேலே இழுபட்டன. சடை இடுப்பைத் தொட்ட சந்தோஷத்தில் வலியெல்லாம் பெரிதாகப் படவில்லை. கழற்ற மனமில்லாமல் இரண்டு நாள் அதோடேயே தூங்கினேன். மூன்றாம் நாள் பிடரியெல்லாம் கொப்புளம். அவிழ்த்தபோது ஒரு கொத்து முடி கூடவே வந்தது. அம்மா சவுரியைப் பிடுங்கிப் பரணில் எறிந்துவிட்டு, பின்வரிசையில் ஆடினால் போதும் என்றாள்.

அப்பா குரங்கணிப் பாதையில் கோவேறு கழுதைகளை ஓட்டி, ஏலக்காய்ப் பொதிகளைப் போடிக்கு இறக்குகிறவர். மலையிலிருந்து வந்ததும் என் அழுகையைக் கேட்டுத் தலையைக் குனியச் சொல்லிப் பார்த்தார். பொதிக்கயிறு இறுகினால் கழுதைக்கு வருகிற அதே புண்தான் என்றார். வீடே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"புண்ணு ஆறுற வரைக்கும் ஒண்ணும் கட்டக் கூடாது. பொறவு நான் கட்டிவிடுறேன்."

விழாவுக்குப் பதினைந்து நாள் இருந்தது. அதற்குள் சவுரியை அரப்புப் போட்டு அலசி நிழலில் காயவைத்தார். ஒவ்வொரு புரியிலும் பாதி மயிரை உருவிக் கனத்தைக் குறைத்தார். அது அக்காவுடையது என்பது அவருக்கு நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை.

விழா அன்று, ஈரமில்லாத தலையைச் சிக்கெடுத்தார். என் முடியையே தளர்வாக நாலு பின்னல் பின்னி, அதற்குக் கீழேதான் சவுரியைச் சேர்த்தார். மயிர்க்கால் பக்கம் கயிறு போகவே இல்லை. தலையை ஆட்டச் சொல்லி, வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"நெசமாச் சொல்லு. கழுதைக்குத்தேன் வாயில்ல, ஒனக்கு இருக்குல்ல?"

காதுக்குப் பின்னால் கொஞ்சம் இழுக்கிறது என்றேன். நேரமாகிறது என்று அம்மா கத்தக் கத்த, முழுவதையும் அவிழ்த்து மறுபடி பின்னினார். ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிட வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

முன்வரிசையில் ஆடினேன். கடைசிச் சுற்று வேகமெடுத்ததும் எதிரே ஆடிய பெண்ணின் சவுரி கழன்று மேளக்காரர் மடியில் விழுந்தது. என்னுடையது திரும்பும்போதெல்லாம் இடுப்பில் மோதியதே தவிர பிடி விடவில்லை. கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. பித்தளை டம்ளர் ஒன்று பரிசு கொடுத்தார்கள்.

திரும்பும் வழியில் ஏலக்காய்க் கடை வாசலில் மூட்டை தூக்குகிறவர்கள் அப்பாவை நிறுத்தி, சடை ரொம்ப ஜோர், யார் பின்னியது என்று கேட்டார்கள். அம்மா என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"நாந்தேன் பின்னுனேன்."

அவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு மானம் போயிற்று. அவர் கையை உதறிவிட்டு டம்ளரோடு முன்னால் ஓடினேன். அத்தனை ஆண்களுக்கு நடுவே அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.