இரண்டு எல்லைக்கு நடுவே நின்ற வண்டி

நேற்றுக் காலை ஆம்பூர் ரயிலடியில் தோல் வியாபாரி ஒருவர் என்னைப் பார்த்ததும் குடையை மடக்கிக்கொண்டு நின்றார். "பொன்னுரங்கம் சாரு போய்ட்டாரு, சேதி வந்துச்சா?" என்றார். எனக்கு வரவில்லை. சத்துவாச்சாரியில் மகள் வீட்டில் இருந்தவர், சாப்பிட்டுப் படுத்தவர், எழுந்திருக்கவில்லையாம். அடக்கமும் முடிந்துவிட்டது. நான் ஏற வேண்டிய ரயில் வந்து நின்று, கிளம்பியும் போயிற்று. நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பிளேக் காலத்தில் சுகாதார இன்ஸ்பெக்டராக இருந்த அவரோடு வேலை செய்தவர்கள் இன்று சிலர்தாம் மிச்சம். அவர்களுக்காகவும், அவரைக் கடுமையான மனிதர் என்று மட்டுமே அறிந்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

கடுமையான மனிதர்தான். நான் அப்போது அம்மை குத்தும் உத்தியோகத்தில் இருந்தேன். பிளேக் வந்ததும் என்னை அவருக்குக் கீழே போட்டார்கள். நோயைவிட, இறந்தவர்களைப் பற்றிய விதிகளே ஜனங்களை அதிகம் வாட்டின. இன்ஸ்பெக்டர் பார்க்காமல் உடலை எடுக்கக் கூடாது. கடைத்தெரு வழியே கொண்டுபோகக் கூடாது. ஊர் விட்டு ஊர் கொண்டுபோகவே கூடாது. இறந்த ஊரிலேயே, குறித்த இடத்தில், ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைக்க வேண்டும். முகத்தைத் திறந்து காட்டவும் தடை. பெரிய தோல் முதலாளி ஒருவர் வீட்டு ஜனாஸா ஊர்வலத்தையே கடைத்தெரு முனையில் கை நீட்டி நிறுத்தி, ஆற்றோர வழியில் திருப்பிவிட்டவர் பொன்னுரங்கம். "நோயைக் கொண்டார தெள்ளுப்பூச்சிக்கு மொதலாளி, கூலின்னு தெரியாதுங்க" என்று அவர்களிடமே சொன்னார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் எங்களுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுப்பார் இல்லை.

ஆம்பூர் எல்லையைத் தாண்டி, மாதனூர் சாலையில் எங்கள் சோதனைத் தடுப்பு இருந்தது. ஒரு நாள் காலை ஆம்பூர்ப் பக்கமிருந்து வைக்கோல் பரப்பிய மாட்டுவண்டி ஒன்று வந்தது. பக்கத்தில் ஒரு பெண், கையை வண்டிக்குள் விட்டபடியே நடந்து வந்தாள். பெயர் முனியம்மா என்று பின்னால் தெரிந்தது.

"உள்ள யாரும்மா?" என்றார் பொன்னுரங்கம்.

"எங்க வூட்டுக்காரரு, சாமி. காச்சலு. ஊருக்கு இட்டுகினு போறேன்." பிறகு குனிந்து உள்ளே பார்த்து, "இன்னா, தண்ணி வேணுமா? கொஞ்சம் பொறுத்துக்கோ, ஊரு வந்துடும்" என்றாள்.

இவர் போர்வையை விலக்கி அந்த மனிதனின் பாதத்தைத் தொட்டார். தொட்ட கையை உடனே எடுக்கவில்லை. நான் வாயைத் திறக்கப் போனேன். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார்.

"பேரு இன்னாம்மா?"

"சின்னப்பன்."

"எப்பம்மா போனாரு?"

அவள் அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டாள். "விடியக்காலம் சாமி" என்றாள். தோல் பதனிடும் ஷாப்பில், சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவனாம். ஒரே பிள்ளை. தாய் கிராமத்தில் இருக்கிறாள். "இங்கயே வெச்சுட்டா அந்தக் கெழவி மொகத்தைக்கூடப் பார்க்க முடியாதே" என்றாள்.

விதிப்படி வண்டியை ஆம்பூருக்குத் திருப்ப வேண்டும். அதற்குள் சேதி பரவி, ஆம்பூர் ஊர்க்கோடி வீட்டுக்காரர்கள் சாலையை அடைத்து நின்றார்கள். எல்லை தாண்டிப் போன பிணத்தை உள்ளே விடமாட்டோம் என்றார்கள். கிராமத்துப் பக்கமும் சேதி போயிருந்தது. அங்கிருந்து கம்பும் கையுமாக ஒரு கூட்டம் மதகு வரை வந்து நின்றது. வண்டிக்காரன் மாடுகளை அவிழ்த்துக்கொண்டு வயலில் இறங்கி நடையைக் கட்டினான். முன்பக்கம் தரையில் சாய்ந்த வண்டி நடுச் சாலையில் கிடந்தது. வெயில் ஏறியது. முனியம்மா முந்தானையால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரு கல் வந்து சக்கரத்தில் பட்டுத் தெறித்தது.

"வேலூருக்குத் தந்தி அடிச்சு ரிசர்வ் போலீஸ் கேப்போம் சார்" என்றேன்.

"போலீஸ் வந்தா இந்தச் சாவு அடங்கும். அடுத்த சாவை வூட்டுக்குள்ளயே பொதைப்பான். நமக்குச் சேதியே வராது" என்றவர், மதகை நோக்கி நடந்தார். நானும் பின்னால் போனேன்.

ஊர் நாட்டாமை கம்பை ஓங்கியே வைத்திருந்தார். "இதுக்கு மேல ஒரு அடி வந்தா வண்டியோட கொளுத்திடுவோம். எங்க ஊர்ல இன்னும் ஒரு எலிகூடச் சாவல."

"ஊருக்குள்ள வேணாங்க. நீங்க பயப்படறது நியாயந்தான்."

"அப்ப ஆம்பூருக்கே இட்டுகினு போங்க."

"அவங்களும் வேணாங்கறாங்க. சின்னப்பன் உங்க ஊருப் புள்ள. எங்க வெக்கலாம்னு நீங்களே காட்டுங்க. ஊரு இருக்கற பக்கம்கூட நான் கொண்டாரமாட்டேன்."

நாட்டாமை பின்னால் திரும்பித் தம் ஆட்களைப் பார்த்தார். பிறகு கம்பை நீட்டி, சாலைக்கு அப்பால் ஒரு மேட்டைக் காட்டினார். "அங்க வெச்சா எங்க கேணிக்கு ஒண்ணும் ஆவாதே?"

இவர் மேட்டில் ஏறி மண்ணைக் கிளறிப் பார்த்தார். ஆற்று வெள்ளம் எட்டாத இடம், கிணறுகளும் தூரத்தில். "ஆவாது" என்றார். அது சர்க்கார் குறித்த இடுகாடு அல்ல, உத்தரவு இல்லாமல் அங்கே புதைக்க நமக்கு அதிகாரம் இல்லை என்று அவர் காதோரம் சொன்னேன். "தெரியும்" என்றார்.

தோல் ஷாப்புக்கு ஆள் அனுப்பினோம். அங்கே மேஸ்திரியாக இருந்த காதர் சாயபு ஒரு வண்டி சுண்ணாம்போடு தாமே வந்தார். "நம்ம ஆளு சார்" என்று மட்டும் சொல்லி மண்வெட்டியை எடுத்தார். மூவருமாக வெட்டினோம். உடலை மருந்துத் தண்ணீரில் நனைத்த துணியால் சுற்றி, இவரும் நானுமே தூக்கிக்கொண்டு போனோம்.

அப்போது தாய் வந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. இவர் அவளைக் காற்று வரும் பக்கமாகத் தள்ளி நிற்க வைத்து, மற்றவர்களைப் பின்னுக்குப் போகச் சொல்லிவிட்டு, தம் கையாலேயே முகத்துத் துணியை விலக்கினார். அவள் அழவில்லை. "தாடி வளந்து போச்சே" என்றாள். அவள் போதும் என்று தலையசைக்கும் வரை துணியை மூடாமல் பிடித்திருந்தார். மண் தள்ளும்போது நாட்டாமையும் ஒரு மண்வெட்டியோடு வந்து சேர்ந்துகொண்டார். கம்பு எங்கே போயிற்று என்று நான் கவனிக்கவில்லை.

மேலதிகாரி விளக்கம் கேட்டார். குறிக்காத இடத்தில் புதைத்ததும், முகத்தைத் திறந்ததும் உண்மை என்று இவர் ஒப்புக்கொண்டார். காரணம் கேட்டபோது, "வேற எடம் இல்லீங்க" என்றார். உத்தியோகத் தரத்தைக் குறைத்துத் தெற்கே எங்கோ மாற்றினார்கள். மதகுக்கு அப்பாலிருந்த கிராமங்களில் பிறகு நோய் நுழையத்தான் செய்தது. ஆனால் ஒரு சாவும் எங்களுக்குத் தெரியாமல் மறைக்கப்படவில்லை. அவர்களே ஆள் அனுப்பிச் சொன்னார்கள்.

அவர் ரயிலேறிய நாளில் முனியம்மா ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். தூரத்திலேயே நின்றவளை இவர்தாம் கிட்டே கூப்பிட்டார்.

"அந்த மேட்டுல ஒரு புங்கஞ்செடி வெக்கலாமா சாமி? சட்டத்துல ஒத்துக்குவாங்களா?"

"வைம்மா. அதுக்குச் சட்டம் கெடையாது" என்றார்.

அவள் போன பிறகு, அன்று கம்புகளை நோக்கி நடந்தபோது பயமாக இல்லையா என்று கேட்டேன். "கால் நடுங்கிச்சுய்யா. நின்னா அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிடும். அதான் நடந்துகினே இருந்தேன்" என்றார்.

அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பயமறியாதவர் என்கிறார்கள். எனக்கு அந்தப் பொன்னுரங்கம் வேண்டாம். பிறகு நானும் இன்ஸ்பெக்டராகி, ராணிப்பேட்டையிலும் பிற இடங்களிலும் எத்தனையோ சாவு வீடுகளின் வாசலில் நின்றேன். உள்ளே அழுகைச் சத்தம், வெளியே கோபமான முகங்கள், கையில் உத்தரவு. ஒவ்வொரு தடவையும் என் கால் நடுங்கியிருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த நடுக்கத்தைத்தான். அதோடு நடக்கலாம் என்று அவர் நடந்து காட்டியிருக்கிறார்.