சம்பந்தியம்மாவுக்கு வைத்த கிழங்கு

"முளை எங்க?" என்று கேட்டார் லியோங் அன்ரி.

"எந்த முளை அன்ரி?"

"கிழங்குத் தலையில இருந்துச்சே, அந்த முளை லா!"

சந்திரவதனா குப்பை வாளியைக் காட்டினாள். "வெட்டிப்போட்டன். தோலையும் சுரண்டி வைச்சிருக்கிறன். கறிக்கு எண்டு நினைச்சன்."

"ஏ புள்ள, இது கறிக்கு இல்ல. மாப்பிள்ள வீட்டுக்குப் போற ஜோடி!"

அன்ரி ஈப்போவில் பிறந்த சீனப் பெண்மணி. வீட்டில் கன்டோனீஸ், பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடியதில் தமிழ். சிட்னிக்கு வந்த சில வருடங்களில் கணவர் இறந்துவிட்டார். டிக்சன் தெருவில் ஓர் உணவகக் குசினியில் வேலை செய்து மகள் மெய் யீயை வளர்த்தார். அவருடைய மரிக்வில் வீட்டின் பின்னறையில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சந்திரவதனா வாடகைக்கு இருந்தாள். இது 1977இல், மெய் யீக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம்.

கன்டோனீஸ் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் சீர் அனுப்பினால், பெண் வீட்டார் அதில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புவார்கள். கூடவே ஒரு ஜோடி சேப்பங்கிழங்கும் போகும். கன்டோனீஸில் அது வூ டாவ். தாய்க்கிழங்கைச் சுற்றி ஒட்டிக்கொண்டு வரும் சிறுகிழங்குகள் வூ சாய், கிழங்குப் பிள்ளைகள். வம்சம் தழைக்கட்டும் என்றுதான் அன்ரி வீட்டில் அதை முளையோடு கொடுப்பார்கள். மெய் யீக்கு மாப்பிள்ளையைவிட வயது கூட. பிள்ளை பிறக்குமோ என்ற கவலையில் சம்பந்தியம்மா ஏற்கெனவே அரைமனதாக இருந்தார். சீர்க்கூடையை எடுக்க அன்று மாலை அவரே வருவதாக ஏற்பாடு. சனிக்கிழமை என்பதால் மத்தியானமே கடைகளெல்லாம் பூட்டியாயிற்று.

அன்ரி அந்தக் கிழங்கையே அவித்து மசித்து, உள்ளே இறைச்சி வைத்து, எண்ணெயில் போட்டார். மேற்பக்கம் தேன்கூடு மாதிரிப் பூத்து வந்தது. அதுதான் வூ கோக். உணவகத்தில் அவர் நாள்தோறும் செய்வதும் அதைத்தான்.

சம்பந்தியம்மா வந்ததும் அன்ரி நடந்ததை மறைக்காமல் சொன்னார். அந்த அம்மா சந்திரவதனாவை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தார், சிரிக்கவில்லை. ஒரு வூ கோக் சாப்பிட்டார். இன்னொன்றும் எடுத்தார். விரலைத் துடைத்துக்கொண்டு கன்டோனீஸில் ஏதோ சொன்னார்.

"என்னவாம் அன்ரி?"

"இவங்க சொந்தக் கல்யாணத்துக்கு நல்லா முளைச்ச ஜோடியாத்தான் வந்துச்சாம். பிறந்தது ஒண்ணே ஒண்ணுதானாம்."

சம்பந்தியம்மா கூடையை எடுத்துக்கொண்டு போனார். கல்யாணத் தேதி மாறவில்லை.

வேலை முடிந்து மெய் யீ படலையைத் திறக்கும் சத்தம் கேட்டது. அன்ரி சந்திரவதனாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ கேட்டா, கிழங்கு கிடைக்கலன்னு சொல்லு. வெட்டுனது தெரிஞ்சா, குழந்த பிறக்கற வரைக்கும் அதையே நெனச்சிக்கிட்டு இருப்பா."