வெள்ளவத்தையிலிருந்து நுவரெலியாவுக்கு ஒரு வான்

மலைப்பாதையில் வான் ஓட்டுகிறவனுக்குக் கண் வீதியில் இருந்தாலும் காது பின் சீட்டில்தான் இருக்க வேண்டும். வாடகைக்கு ஹயர் ஓடும் சகோதரர்களே, உங்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அவிசாவளை வரை ஊர்க்கதை எல்லாம் கதைத்துக்கொண்டு வருகிற சனம், கித்துல்கல தாண்டியதும் கதையைக் குறைக்கும். கினிகத்தேனை ஏற்றத்தில் ஒரேயடியாக அமைதியாகிவிடும். அந்த அமைதிதான் ஆபத்து; யாருக்கோ சத்தி வருகிறது, வாந்தி எடுக்கப்போகிறார் என்று அர்த்தம். ஆனாலும் எனக்கு அந்த வீதியென்றால் உயிர். கண்ணாடியை இறக்கியதும் முகத்தில் அடிக்கிற முதல் குளிருக்காகவே இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

நேற்றே வெளிக்கிட்ட பயணம்

வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் ஒரு குடும்பம். மகனுக்குப் பெண் பார்க்க நுவரெலியா போகிறார்கள். போகிற நாள் காலையில் நல்ல நேரம் இல்லையென்று பஞ்சாங்கம் சொல்லிவிட்டது. எனவே நம் ஆட்களின் வழக்கப்படி, முதல் நாள் நல்ல நேரத்திலேயே ஒரு பையைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்துப் பயணத்தைத் தொடங்கிவிட்டார்கள். மறுநாள் நான் போய் ஹோர்ன் அடித்தால், பக்கத்து வீடு பூட்டு. அந்த வீட்டு அக்கா விடியவே கல்கிசைக்கு மகளிடம் போய்விட்டாராம். பைக்குள்தான் எல்லோருடைய ஸ்வெட்டரும்.

அக்கா திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது வெயில் ஏறிவிட்டது. நாங்கள் போய்ச் சேரும்போது பெண் வீட்டில் மத்தியானச் சாப்பாடு ஆறிப்போயிருந்தது. "ட்ரைவர் லேட்" என்று அங்கே சொன்னதோடு நிற்காமல், என் முதலாளி ராஜன் அண்ணைக்கும் போன் போட்டுவிட்டார் மாப்பிள்ளையின் தகப்பன். ராஜன் அண்ணை கொட்டாஞ்சேனையில் இருந்துகொண்டு வான்கள் விடுகிறவர். "இன்னொரு கொம்ப்ளேன் வந்தால் மலை ஓட்டம் இல்லை, உனக்கு ஸ்கூல் வான்தான்" என்று என்னிடம் கத்தினார். காலி வீதி நெரிசலில், தண்ணீர்ப் போத்தலால் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளும் பிள்ளைகளோடு நான் மாட்டிக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தேன். தகப்பனிடம் போய் நியாயம் கேட்டேன்.

"தம்பி, நாங்கள் நேற்றே வெளிக்கிட்டிட்டம். லேட் எண்டால் அது உங்கட பக்கம்தானே?"

தேசிக்காய்

புறப்படும்போது நாலு டயருக்கும் தேசிக்காய், அதுதான் எலுமிச்சம்பழம், வைத்து நசிப்பது என் வழக்கம். ஒருநாள் கடையில் வாங்க மறந்துபோனேன். அன்று மனைவியோடு பயணம் வந்திருந்த ஐயா ஒருவர், "இந்தாரும், வீட்டிலை கிடந்தது" என்று ஒரு பையைத் தந்தார். நசித்தோம், புறப்பட்டோம். யட்டியாந்தோட்டையில் அவருடைய மனைவி பையைத் தேடத் தொடங்கினார். வளைவில் தலை சுற்றினால் மூக்கில் வைத்து மணப்பதற்கென்று அவர் பார்த்துப் பார்த்து எடுத்துவைத்த தேசிக்காயாம் அது.

"ஆர் எடுத்தது?" என்று கேட்டார். ஐயாவுக்குத் திடீரென்று வெளியே இருந்த இறப்பர் மரங்களில் பெரிய பற்று வந்துவிட்டது. புருஷன் பெண்சாதி சண்டை பிடித்தாலும் கடைசியில் கொம்ப்ளேன் என் தலையில்தானே விழும்? "நான்தான் அக்கா" என்றேன். கித்துல்கலயில் ஒரு கடையில் நிறுத்தி, "மல்லி, தெஹி தியெனவத?" என்று சிங்களத்தில் தேசிக்காய் கேட்டேன். "நே அய்யே" என்று அவன் கையை விரித்து, அன்னாசியைக் காட்டினான். ஹற்றன் வரை அக்கா அன்னாசியை மூக்கோடு அணைத்தபடியே வந்தார். முதலாளிக்குப் போன் எடுக்கவும் பார்த்தார். ஐயாதான் எப்படியோ சமாளித்துத் தடுத்துவிட்டார். இறங்கும்போது அக்கா என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, சத்தி வாறது டயருக்கோ, எனக்கோ?"

மூடுபனி

இரத்மலானைப் பெரியவர் ஒருவர், நீர்வீழ்ச்சி பார்க்க வேண்டும் என்று முன் சீட்டைக் கேட்டு வாங்கி ஏறினார். அவிசாவளையில் தூங்கியவர், தலவாக்கலைக்குக் கிட்ட நான் தட்டி எழுப்பும்வரை எழும்பவில்லை. எழும்பும்போது பார்த்து மூடுபனி இறங்கிவிட்டது. நீர்வீழ்ச்சியின் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது. கொஞ்ச நேரம் காத்திருந்தோம், விலகவில்லை. பெரியவர் அந்த இடத்திலேயே ராஜன் அண்ணைக்குப் போன் எடுத்தார். அவர் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"உங்கட ட்ரைவர் காட்டின காட்சி, என்ர வீட்டு ப்ரிஜ்ஜைத் திறந்தாலும் தெரியும்!"

முதலாளி வருகிறார்

மூடுபனிக்கும் நான்தான் பொறுப்பு என்று தீர்ப்பாகிவிட்டது. "திங்கட்கிழமை தொடக்கம் ஸ்கூல் வான். நுவரெலியாவிலை எனக்கும் ஒரு அலுவல் இருக்கு. உன்ர கடைசி ஓட்டத்திலை நானும் வாறன்" என்றார் ராஜன் அண்ணை. அவிசாவளையில் அவர் ரோல்ஸ் சாப்பிட்டார். கித்துல்கல வரை எனக்கு வான் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கினிகத்தேனை ஏற்றத்தில் திடீரென்று பாடம் நின்றுபோனது. திரும்பிப் பார்த்தேன். முகம் வெளிறி, கையால் மட்டும் "நிற்பாட்டு" என்றார்.

வீதியோரத்தில் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தேத்தண்ணிக் கடை அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "ஐயா மலைக்கு வர்றது மொதத் தடவையா?" என்று கேட்டார். அண்ணை தலையை ஆட்டினார். இத்தனை வருடமாக மலைக்கு வான் அனுப்பிக்கொண்டிருந்த மனிதர், அவிசாவளைக்கு மேலே வந்ததே இல்லையாம்! பாவமாகத்தான் இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் மறைக்க விரும்பவில்லை. இஞ்சி போட்ட பிளேன்டீ குடிக்கவைத்து, பின் சீட்டில் படுக்கவைத்தேன். மிச்ச வளைவுகளைப் பால்குடம் எடுப்பவன் போல ஓட்டினேன். அப்படியும் இன்னும் இரண்டு இடத்தில் நிறுத்த வேண்டி வந்தது.

நானுஓயாவில் எழும்பி, அலுவலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், ரெயில் ஸ்டேஷனுக்கு விடு என்றார். வானில் திரும்பிப் போகமாட்டாராம். பிளாட்பாரத் தூணைப் பிடித்து மூச்சு வாங்கியபடி என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"திங்கட்கிழமை ஸ்கூல் வானை நான் ஓடுறன். நீ உந்த மலையை வைச்சுக்கொள்ளு."

முதலாளிமாருக்கு நியாயம் காது வழியாக ஏறாது, சகோதரர்களே, வளைவு வழியாகத்தான் ஏறும்.