டெலிபோன் அக்கா சொன்ன கடைசி வாரம்

டெலிபோன் அக்கா வீட்டு டிவிக்கு மரக்கதவு உண்டு. அதை இழுத்துத் திறக்கும்போது வரும் கிறீச் சத்தம்தான் எனக்கு அந்தத் தொடரின் தலைப்பு இசை. தொண்ணூறுகளில், மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் நான் ஒரு போர்ஷனிலும் அவர் எதிர்ப் போர்ஷனிலும் தனியாகக் குடியிருந்தோம். அவர் சாந்தோம் பக்கத்துக் கிறிஸ்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எக்ஸ்சேஞ்சில் ஊர் விட்டு ஊர் போன் இணைப்புக் கொடுக்கும் வேலை. நான் அப்பா பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திருச்சியிலிருந்து வேலைக்கு வந்தவள். அப்பா என்னோடு பேசுவதையே விட்டுவிட்டார். வீம்பில் நானும் அவர் மகள்தான்.

வாரம் ஒருநாள் வரும் அந்தத் தொடரிலும் ஒரு மகள் அப்பாவிடம் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போயிருந்தாள். அதனாலேயே எனக்கு அதன்மேல் பைத்தியம். ஈக்காட்டுத்தாங்கலில் வேலை முடிந்து பஸ் பிடித்து வருவதற்குள் பாதி ஓடியிருக்கும். விளம்பரம் வரும்போது அக்கா முன்பாதியைச் சொல்லிவிடுவார். கடைசி வாரம் பெருமழை. சைதாப்பேட்டையில் பஸ் நின்றுவிட்டது. தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தால், எல்லாம் முடிந்திருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்னாத்துக்குமா அழுவுற? உக்காரு, நான் சொல்றேன்" என்று தலைதுவட்டத் துண்டு கொடுத்தார். "பொண்ணுதான் போன் போடுது, பூத்துலருந்து. அப்பாகாரரு எடுக்குறாரு. ஒண்ணும் பேசல, இருமிக்கினே கீறாரு. இது, 'சாப்டியாப்பா'ன்னு கேக்குது. அவ்ளோதான், முடிச்சிட்டான்."

"அவரு என்ன சொன்னாரு அக்கா?"

"அதக் காட்டலமா."

அது எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் காலை லஸ் பக்கம் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் போய் நின்றேன். அப்பா இருமவில்லை. நானும் சாப்பிட்டாரா என்றுதான் கேட்டேன். அவர், "அங்க மழையாமே" என்றார். அதிலிருந்து அவர் கண்மூடும்வரை ஞாயிறுதோறும் பேசினோம்.

இப்போது அந்தத் தொடரைப் புதிதாக எடுத்திருக்கிறார்கள். அடையாறு ஃபிளாட்டில் தனியாக உட்கார்ந்து கைபேசியில் பார்த்தேன். வீடு பளபளவென்று இருக்கிறது, ஒருவரும் ஒரு நிமிஷம் சும்மா இருப்பதில்லை. பழைய ரசிகர்கள் எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தார்கள், நானும் திட்டினேன். கடைசியில் மகள் ஆட்டோவிலிருந்து இறங்குகிறாள். வாசலெல்லாம் செருப்பு. அப்பா செத்துப்போயிருந்தார். எனக்குக் கொதித்துவிட்டது. அந்தப் போன் காட்சியை வெட்ட இவர்களுக்கு எப்படி மனசு வந்தது என்று இணையத்தில் நீளமாக எழுதித் தள்ளினேன். முகம் தெரியாத ஒருவர், "பழசிலும் இதுதானே முடிவு, மேடம்" என்று, கேசட்டில் பதிந்துவைத்திருந்த பழைய பகுதியை அனுப்பிவைத்தார்.

பார்த்தேன். மங்கலான படத்தில் அதே வாசல், அதே செருப்புகள். அந்த வீட்டில் போனே கிடையாது.

ஊர் பார்த்த தொடர் வேறு, எனக்குக் கிடைத்த தொடர் வேறு. பின்னதைத் திரும்ப எடுக்க எந்தக் கம்பெனியாலும் ஆகாது. இதைச் சொல்லிச் சிரிக்கவோ அழவோ எனக்கு இன்று பக்கத்தில் ஆள் இல்லை. அக்கா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. தொடர் முடிந்த அன்று அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கேட்டதற்கு ஜலதோஷம் என்றார். அந்தச் சாவைத் தனியாகப் பார்த்து, தனியாக அழுது முடித்து, நான் மழையில் வந்து சேர்வதற்குள் என் அப்பாவைப் பிழைக்க வைத்திருக்கிறார்.