சத்தமாகச் சொல்லச் சொன்ன படகு

சில வருடங்களுக்கு முன்பு, தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுக் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நெடுந்தீவில் நடந்தது இது. பூசைக்குப் போய்வந்து குசினியில் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த மகள் வாசலில் வந்து நின்று, "அம்மா, முட்டுது" என்றாள். அப்போது அவள் இரண்டாம் வகுப்பு. முட்டு என்கிற மூச்சு இழுப்பு அவளுக்குக் கைக்குழந்தையிலேயே வந்த வருத்தம். வழக்கமாக உறிஞ்சுகிற மருந்தைக் கொடுத்தால் அடங்கிவிடும். அன்றைக்கு அடங்கவில்லை.

தீவு ஆஸ்பத்திரியில் மூக்கில் மூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். உதடு நீலம் பாய்ந்து கொண்டே வந்தது. டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அம்மா, இஞ்சை வைச்சிருக்க ஏலாது. உடனை யாழ்ப்பாணம் கொண்டு போகவேணும். வழியிலை நித்திரையாக மட்டும் விடாதையுங்கோ" என்றார். சொல்வது லேசு. காற்றினால் அன்றைக்குப் பயணிகள் படகு ஓடவில்லை. என் மனுசன் கடல்தொழில்தான் செய்கிறார், சொந்தப் படகும் இருக்கிறது. அவர் வெளியே போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்து ஏலாது என்று தலையை ஆட்டினார். அவரே தலையை ஆட்டினால் அதற்கு மேல் கதையில்லை. டொக்டர் நேவிக்குப் போன் எடுத்தார்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எனக்கு வாய் பெரிது. நான் குசினியில் கதைத்தால் நாலு வீடு தள்ளிக் கேட்கும். "உம்மடை சத்தம் கடலுக்கு அங்காலை குறிகாட்டுவான் துறைக்குக் கேக்குது, கொஞ்சம் குறையும்" என்று மனுசன் தினமும் சொல்வார். அவர் எனக்கு நேரெதிர். கடலில் அவரும் அவருடைய ஆட்களும் கதைப்பதே இல்லை. படகின் அணியத்தில், அதுதான் முன்பக்கத்தில், இருப்பவர் கையைத் தூக்கினால் பின்னால் இயந்திரத்தைப் பிடித்திருப்பவருக்கு எல்லாம் விளங்கிவிடும். அதே பழக்கம் வீட்டிலும். தேத்தண்ணி வேண்டும் என்றாலும் கைதான் காட்டுவார்.

இப்படிப்பட்ட நானும் ஒரு இடத்தில் மட்டும் வாயை மூடிவிடுவேன். சண்டைக்காலம் பார்த்த சனம் நாங்கள். நேவிக்காரரின் வெள்ளை உடுப்பையோ நீல உடுப்பையோ கண்டால் குரல் தானாகவே இறங்கிவிடும். யாரும் சொல்லித் தந்ததில்லை, அப்படியே பழகிவிட்டது. அன்றைக்குத் துறைமுகத்தில் நேவிப் படகில் ஏறும்போதும் மனுசனிடம்கூடக் குசுகுசுத்துத்தான் கதைத்தேன். பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு பின்பக்கத்தில் தரையிலேயே குந்திவிட்டேன். மனுசன் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

படகு கிளம்பியதும் ஒரே கத்தல். படகுக்குப் பொறுப்பான பெரியவர் ஏதோ கத்துகிறார், சுக்கான் பிடிப்பவன் அதையே திருப்பிக் கத்துகிறான். "ஸ்டார்போர்ட்" என்கிறார், "ஸ்டார்போர்ட்" என்கிறான். "ஸ்டெடி" என்கிறார், "ஸ்டெடி" என்கிறான். அரைவாசி இங்கிலீசு, அரைவாசி சிங்களம். ஐயோ, இந்த நேரம் பார்த்து இவர்கள் சண்டை பிடிக்கிறார்களே என்று பிள்ளையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மனுசன் குனிந்து என் காதில், "ஒருக்காச் சொன்னால் இவங்களுக்கு விளங்காதோ?" என்றார்.

படகில் மருந்துப் பெட்டியோடு ஒரு தம்பி இருந்தான். தெற்குப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை. தீவில் இருந்து பழகிய அரைகுறைத் தமிழ். மகளின் முகத்தில் ஒட்சிசன் மூடியை வைத்துப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தே விசயத்தைப் பிடித்துவிட்டான். "கோபம் இல்ல அக்கா. எங்கட பேச்சு இப்பிடித்தான். கேட்டதைத் திருப்பிச் சொல்லணும். சொல்லாட்டி, கேக்கல்ல என்று அர்த்தம்" என்றான். பிறகு, "இப்ப அக்காவுக்கும் வேலை இருக்கு. நான் கேப்பன். பிள்ளை கண் திறந்திருக்கா இல்லையா என்று சொல்லுங்க" என்றான்.

"அக்கா?"

"கண் திறந்திருக்கு" என்று முணுமுணுத்தேன்.

"சத்தமா! மெதுவாச் சொன்னா படகுல சொல்லாத மாதிரி."

அந்த உடுப்புப் போட்ட ஒருவன் என்னைச் சத்தமாகக் கதைக்கச் சொல்கிறான்! என் காதையே நம்ப முடியவில்லை. "கண் திறந்திருக்கு!" என்று கத்தினேன். அவனும், "கண் திறந்திருக்கு!" என்று கத்தினான். அவன் கேட்பான், நான் சொல்வேன், அவன் திருப்பிச் சொல்வான். அலை தூக்கித் தூக்கி அடித்தது, உப்புத் தண்ணீர் முகத்தில் அறைந்தது, ஆனாலும் அவன் ஒருதரம்கூட விடவில்லை. அவன் திருப்பிச் சொல்லச் சொல்ல என் குரலும் ஏறிக்கொண்டே போனது. நடுவில் ஒருமுறை, "கண் மூடிட்டாள்!" என்று அலறினேன். அதையும் அவன் அதே குரலில், "கண் மூடிட்டா" என்று திருப்பிச் சொன்னான். சொல்லிக்கொண்டே அவளை நிமிர்த்தி இருத்தி, காதைச் சுண்டி, மூடியைச் சரிப்படுத்தினான். மாதாவே என்று நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் திறந்தது.

நயினாதீவுப் பக்கம் தெரியத் தொடங்கிய நேரம், தற்செயலாக மனுசனை நிமிர்ந்து பார்த்தேன். அவர் வலது கையை உயரத் தூக்கி, உள்ளங்கையை விரித்தபடி நின்றார். எங்கள் ஆட்களிடம் அதற்கு ஒரே அர்த்தம்தான்: நிறுத்து, முன்னால் வலை. முதல் நாள் காற்று எழும்பியதால் எடுக்க முடியாமல் விட்டுவந்த எங்கள் வலைதான் அறுந்து, சிவப்பு மிதவைக் கலன்களோடு மிதந்து வந்துகொண்டிருந்தது. அது படகின் அடியில் சுழலும் காற்றாடியில் சுற்றினால் படகு அந்த அலைக்குள் அப்படியே நின்றுவிடும். பிள்ளைக்கு அவ்வளவு நேரம் இல்லை.

ஆனால் அந்தக் கையை யார் பார்ப்பது? இந்தப் படகில் சுக்கான் முன்னால், இவர் பின்னால்! சுக்கான்காரனுக்கு எதிரே கண்ணாடி முழுக்க உப்புத் தண்ணீர். பெரியவர் வயர்லெஸ்ஸில் கரையோடு கதைத்துக்கொண்டு நின்றார். என் மனுசன், பாவம், கையைத் தூக்கிவிட்டேன், இனி எல்லாருக்கும் விளங்கும் என்கிற மாதிரி நின்றார்.

நான் கத்தினேன் பாருங்கள், என் வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை. "வலை! முன்னுக்கு வலை!"

"வலை!" என்று தம்பி திருப்பிக் கத்தினான். அடுத்த மூச்சில் அதையே சிங்களத்தில் கத்தினான். சுக்கான்காரன் அதைத் திருப்பிக் கத்தினான், பெரியவர் வயர்லெஸ்ஸை விட்டுவிட்டு ஒரு கட்டளை கத்தினார், அதையும் ஒருவன் திருப்பிக் கத்தினான். இயந்திரச் சத்தம் பொத்தென்று இறங்கியது. படகு சரிந்து வளைந்தது. சிவப்புக் கலன்கள் கைக்கெட்டும் தூரத்தில் எங்களைக் கடந்து போயின. மனுசன் தன் வலையைப் பார்க்கவில்லை, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு மகளைத்தான் பார்த்தார். அந்த வலை பிறகு கிடைக்கவே இல்லை. அவரும் அதைத் தேடிப் போகவில்லை.

"அக்கா?" என்றான் தம்பி, ஒன்றும் நடக்காத மாதிரி.

"கண் திறந்திருக்கு!"

குறிகாட்டுவானில் கயிறு கட்டி முடிந்ததும் "ஆல் ஃபாஸ்ட்" என்று ஒரு குரல், அதையே இன்னொரு குரல். முன்பு சண்டை என்று நினைத்த அந்தக் கத்தல் எனக்கு அப்போது செபம் மாதிரி இருந்தது. அம்புலன்ஸ் காத்து நின்றது. தம்பி என்ன மருந்து கொடுத்தான் என்பதை அம்புலன்ஸ்காரரிடம் சொல்லி, அவரையும் திருப்பிச் சொல்லவைத்த பிறகுதான் மூடியிலிருந்து கையை எடுத்தான். அவனிடம் சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது. "நன்றி தம்பி" என்றேன். பழக்க தோசமோ என்னவோ, அவனும் "நன்றி அக்கா" என்று திருப்பிச் சொன்னான். மண்கும்பான் கடந்து யாழ்ப்பாணம் போய்ச் சேரும்வரை அழுதுகொண்டே போனேன்.

ஆஸ்பத்திரியில் பிள்ளை பிழைத்துக்கொண்டாள். தேறி வீட்டுக்கு வந்த பிறகு, நன்றி சொல்ல இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு நேவி முகாம் வாசலுக்குப் போனோம். அந்தத் தம்பியை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். பெயரைக்கூடக் கேட்டு வைக்காமல் விட்டுவிட்டேன். அந்த உடுப்பைப் பார்த்து எங்கள் சனத்துக்கு இருக்கிற பயமெல்லாம் ஒரு பயணத்தில் கரைந்துவிட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் பூசையில் மெழுகுதிரி கொளுத்தும்போது அந்தத் தம்பியையும் அவனைப் பெற்றவளையும் நினைக்காமல் நான் எழும்பியதில்லை.

மனுசன் இப்போதெல்லாம் தொழிலுக்குப் போகும்போது வாய் திறந்து, "மேற்குப் பக்கம் போறன்" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார். "மேற்குப் பக்கம் போறியள்" என்று நான் திருப்பிச் சொல்லும்வரை வாசலில் நிற்பார். என் சத்தத்தைக் குறைக்கச் சொல்வதையும் விட்டுவிட்டார். மகள் இப்போது வளர்ந்துவிட்டாள், எழுப்புவது பெரும்பாடு. பள்ளிக்கூட நாட்களில் நான் குசினியிலிருந்து கூப்பிட்டால், படுக்கையில் புரண்டபடி, இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, "கண் திறந்திருக்கு!" என்று கத்துவாள். கள்ளி, பொய்தான் சொல்கிறாள் என்று தெரியும், ஆனாலும் "கண் திறந்திருக்கு!" என்று நாலு வீடு தள்ளிக் கேட்கத் திருப்பிச் சொல்லாமல் எனக்கு ஒருநாளும் பொழுது விடிவதில்லை.