இசைத்தட்டில் மூச்சு வாங்கிய ஆள்

நான் கேட்கும் சங்கீதம் என் மனைவிக்குப் பிடிக்காது. கல்யாணமாகி அவள் தன் ஊரான கன்னிவாடியிலிருந்து வந்த புதிதில் அந்த ரஷ்ய இசைத்தட்டைப் போட்டுக் காட்டினேன். உருவிக்கொண்டிருந்த முருங்கைக்கீரையைக் கீழே வைத்துவிட்டு, "யாரு வீட்ல இழவு?" என்று கேட்டாள். செல்லோவும் பியானோவும் மட்டும் சேர்ந்து வாசித்த இசை அது. செல்லோ என்றால் வயலினை ஆளுயரத்துக்கு வளர்த்துவிட்ட மாதிரி ஒரு வாத்தியம். முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிப்பார்கள். மதுரையில் படித்த காலத்தில், ஒரு ரஷ்யப் புத்தகக் கண்காட்சியில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிய தட்டு. அதைப் போட்டுக் கேட்க என்னிடம் அப்போது பிளேயர்கூடக் கிடையாது.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று முனகினேன். அது அவள் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து என் சங்கீதத்துக்கு மாடியறைதான் என்று தீர்ப்பானது. ரயில்வே வேலையில் இருந்தவரை சாயங்காலங்களிலும், ஓய்வுபெற்ற பிறகு தோன்றியபோதெல்லாமும் மாடியேறி, மலைக்கோட்டையைப் பார்த்தபடி தனியாகக் கேட்டேன். தட்டு தேயத் தொடங்கியதும் ஒரு கடையில் கொடுத்துப் போனுக்கு மாற்றிக்கொண்டேன். கீறல் சத்தமும் கூடவே வந்துவிட்டது.

போன மழைக்காலத்தில் அவளுக்கு நிமோனியா வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது ஆள் பாதியாகியிருந்தாள். அடுப்படியிலிருந்து கூடத்துக்கு நடக்கவே மூச்சு வாங்கியது. நுரையீரல் பழையபடி விரிய வேண்டும் என்று டாக்டர், மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்திருந்தார். குழாயை வாயில் வைத்து மூச்சை இழுத்தால் பந்துகள் எழும்ப வேண்டும். ஒன்றுதான் எழுந்தது, அதுவும் அரைமனதாக. சின்னப்பிள்ளை விளையாட்டு என்று சொல்லி அதை டிவிக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். கெஞ்சிப் பார்த்தேன், சண்டையும் போட்டேன். ஒரு நாள் மாடிப்படியில் கால் வைத்தவள் மூன்றாம் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இனிமேல் மாடி நமக்கில்லை என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். நான்தான், இவள் என்னை விட்டுப் போய்விடுவாளோ என்று முதல்முறையாகப் பயந்தேன்.

அவளைத் தனியே விட மனமில்லாமல் நானும் மாடிக்குப் போவதை நிறுத்தினேன். அவள் கண்ணயர்ந்த நேரமாகப் பார்த்து, கூடத்திலேயே போனில் மெதுவாக வைத்துக் கேட்பேன். ஒரு மத்தியானம் இசை முடிந்ததும் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "யாரு அது, இம்புட்டு மூச்சு வாங்குறது?"

எனக்குப் புரியவில்லை. திரும்பப் போடச் சொல்லி, அந்தந்த இடம் வரும்போது விரலைத் தூக்கிக் காட்டினாள். வில்லை இழுப்பதற்குச் சற்று முன்னால், செல்லோ வாசிப்பவர் மூக்கால் மூச்சை இழுக்கும் சத்தம். இத்தனை வருஷமும் அதைக் கீறல் என்றே நினைத்திருந்தேன். கழுதை யார் என்பது அன்றைக்குத் தெளிவாயிற்று.

மறுநாள் அந்த மூச்சு வாங்குற ஆளைப் போடுங்க என்று அவளே கேட்டாள். அவர் இழுக்கும்போது இவளும் இழுத்தாள். வில் ஓடும்வரை மெதுவாக விட்டாள். முதலில் பாதி வில்லுக்கே இருமல் வந்தது. இசை அவளுக்கு அப்போதும் இழவுதான், ஆளைத்தான் பிடித்துப்போயிற்று. பாவம், அவருக்கும் நெஞ்சுச்சளி போல என்று பரிதாபப்பட்டாள். நான் உற்சாகமாகி, அதே இசையை வேறொருவர் வாசித்த, கீறலே இல்லாத புதிய பதிவைத் தேடிப் பிடித்துப் போட்டேன். கொஞ்சம் கேட்டுவிட்டு, "இதுல ஆளையே காணோமே" என்றாள். பழையதற்கே திரும்பினோம். மல்லிகை தொடுத்துக்கொண்டும், வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டும் அவரோடு சேர்ந்து மூச்சு விட்டாள். அவர் எங்கெங்கே இழுப்பார் என்பது எனக்கும் மனப்பாடமாகிவிட்டது. டிவிக்குப் பின்னால் இருந்த பந்துகளை நாங்கள் இருவருமே மறந்துபோனோம்.

தை பிறந்து வெயில் ஏறத் தொடங்கிய ஒரு மத்தியானம், அவள் தூங்குகிறாள் என்று நம்பி மாடியறையைத் தூசி தட்டப் போனேன். போனில் அந்த இசையையும் போட்டுக்கொண்டேன். பியானோ மட்டும் தனியாக வாசிக்கும் நிதானமான இடம் வந்தது. அங்கே ஒரு மூச்சு கேட்டது. அந்த இடத்தில் அவர் மூச்சு இழுக்கமாட்டார்.

திரும்பிப் பார்த்தேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். நெற்றியெல்லாம் வியர்வை. என்ன செய்வதென்று தெரியாமல், இசையை நிறுத்தப் போனை எடுத்தேன்.

"நிறுத்தாதீங்க" என்று கையைக் காட்டினாள். "செத்த நேரம் மூச்சு வாங்கிட்டு வாரேன்."